ஹட்டனிலிருந்து ஆசியக் கோப்பைக்கு: ரியாத்தா, ஜித்தாவா, கோபாரா?

ஹட்டன் டவுனில் என் போன் திருத்தும் கடைக்கு முன்னால் ஒரு பழைய வாங்கு கிடக்கிறது. மழை விடாத மாலைகளில் நாலு பேர் அதில் நெருக்கியடித்து உட்காருவோம். நான், தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் தம்பி, டிக்கோயாவில் ஓட்டோ ஓடும் பெரியப்பா மகன், கம்பளையிலிருந்து வந்து இங்கே துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு 'நானா'. மூன்று மாதமாக ஒரே பேச்சுதான். ஆசியக் கோப்பை உதைபந்தாட்டத்துக்குப் போவது என்று முடிவு செய்தாயிற்று. எந்த ஊரில் போய் இறங்குவது என்பதில்தான் இழுபறி.

போட்டி சவூதியில். 2027 ஜனவரி 7 தொடக்கம் பெப்ரவரி 5 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். 24 அணிகள், எட்டு மைதானங்கள், மூன்று நகரங்கள். மைதானங்களில் ஐந்து ரியாத்தில், இரண்டு ஜித்தாவில், ஒன்று கோபாரில். இலங்கை தகுதி பெறவில்லை, இந்தியாவும் இல்லை. அதில் எங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. நம்ம அணி எந்த ஊரில் ஆடுகிறதோ அங்கே ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. ஜப்பானோ கொரியாவோ உஸ்பெகிஸ்தானோ, ஆட்டம் நல்லாயிருந்தால் சரி.

"மூன்று ஊரையும் ஒரு சுற்று சுற்றிட்டு வந்துடலாமே" என்றுதான் தம்பி ஆரம்பித்தான். பூகோளம் படிப்பிக்கிற ஆள் இப்படிச் சொல்லலாமா? ரியாத்திலிருந்து ஜித்தா தரைவழியாக ஏறக்குறைய 950 கி.மீ. பருத்தித்துறை தொடங்கி தேவேந்திரமுனை வரை நம் நாட்டை இரண்டு தடவை நீட்டிப் போட்டாலும் மிச்சம் இருக்கும். இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி ரயிலும் கிடையாது. ரியாத்திலிருந்து தம்மாமுக்கு மட்டும் ரயில் இருக்கிறது, ஏறக்குறைய 450 கி.மீ., நாலு மணி நேரம். தம்மாமிலிருந்து கோபார் பக்கம்தான். இதையெல்லாம் போனில் காட்டிய பிறகு தம்பி அந்தப் பேச்சை விட்டான்.

2026 உலகக் கோப்பையை நாங்கள் முதலிலேயே தள்ளிவைத்துவிட்டோம். மூன்று நாடு, 16 நகரம். டொரொண்டோவில் தமிழர்கள் நிறைய என்பது உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளில் இருப்பதுபோல் ஸ்காபரோவில் ஒரு சித்தப்பா மலையகத்து லயத்து வீடுகளில் எத்தனை பேருக்கு இருக்கிறார்? அமெரிக்க வீசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் 185 டொலர். வீசா கிடைக்காவிட்டால் அதுவும் திரும்பி வராது. வளைகுடா அப்படியில்லை. எங்கள் லயத்தில் பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் ஐந்தில் யாராவது ஒருவர் அங்கே போய் வந்தவராக இருப்பார், இல்லாவிட்டால் இப்போதும் அங்கே இருப்பார்.

டோஹாவில் கற்ற பாடம்

நாலு பேரில் இப்படி ஒரு போட்டிக்கு வெளிநாடு போய் வந்தவன் நான் மட்டும்தான். 2022இல் டோஹாவுக்குப் போனேன். மனைவியின் அண்ணன் அங்கே லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். நஜ்மா பக்கத்தில் ஓர் அறை, நாலு கட்டில். ஒருவர் லீவில் ஊருக்குப் போயிருந்ததால் அந்தக் கட்டில் எனக்குக் கிடைத்தது. ஆட்டம் பார்க்க வருபவர்களுக்கான அனுமதி அட்டையான ஹய்யா அட்டை எடுக்கத் தங்குமிடத்தைக் காட்ட வேண்டியிருந்தது. மச்சான் தன் முகவரியைப் பதிந்து கொடுத்தார்.

நாங்கள் பார்த்தது நவம்பர் 28இல் நடந்த பிரேசில்–சுவிட்சர்லாந்து ஆட்டம். அங்கே வசிப்பவர்களுக்கென்று 40 ரியாலுக்கு டிக்கட் விற்றார்கள். வெளியிலிருந்து வருபவனுக்கு ஆகக் குறைந்தது 69 டொலர். அப்போது ஒரு டொலர் 360 ரூபாயைத் தாண்டி நின்றது. தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,000 ரூபாய். இருபத்தைந்து பேர் காசைக் கொடுத்து ஒரு ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. டிக்கட் வகை வேறு வேறு என்பதால் மச்சான் மைதானத்தில் ஒரு மூலையில், நான் இன்னொரு மூலையில். சேர்ந்து பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போனது!

அந்த மைதானத்தைக் கப்பல் கொள்கலன்களால் கட்டியிருந்தார்கள். 974 கொள்கலன்கள். கட்டாருடைய தொலைபேசிக் குறியீடும் 974தான், மைதானத்துக்குப் பெயரும் அதுவே. கடல் காற்று உள்ளே வரும். ஆட்டத்தின் நடுவில் சில விநாடிகள் விளக்கு அணைந்துபோனது. நம்ம ஊர் ஞாபகம் வந்து நான் மட்டும் சிரித்தேன். 83ஆம் நிமிடம் கஸெமிரோ அடித்த கோல் ஒன்றுதான் கோல். அது எனக்குப் பாதிதான் தெரிந்தது, முன்னால் இருந்தவர் எழுந்துவிட்டார்.

ஆனால் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்பது ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததுதான். நாற்பதாயிரத்துக்கு மேல் சனம் ஒரே நேரத்தில் வெளியே வருகிறது. தடுப்புக்கம்பி போட்டு, திருவிழாக் கூட்டத்தை வளைத்து வளைத்து விடுவதுபோல் விடுகிறார்கள். கையில் பெரிய நுரைப்பஞ்சுக் கை ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு பையன் உயரமான கதிரையில் இருந்து "மெட்ரோ, திஸ் வே" என்று ராகம் போட்டுக் கத்திக்கொண்டே இருந்தான். ஹய்யா அட்டை இருந்தால் ரயிலுக்குக் காசு இல்லை. அதிகாலை மூன்று மணி வரை ஓடியது. பத்தரைக்கு நான் அறைக்குக் கீழே உள்ள கடையில் கரக் குடித்துக்கொண்டிருந்தேன். தேயிலையைப் பாலில் கொதிக்கவிட்டு, ஏலக்காய் போட்டு, தேயிலை வாசமே இல்லாமல் ஆக்கி ஒரு ரியாலுக்குத் தருவார்கள். கொழுந்து விளையும் ஊர்க்காரனுக்கு அது தேத்தண்ணியே அல்ல. ஆனாலும் அந்த இரவு இரண்டு குடித்தேன்.

அதே வாரம் நாவலப்பிட்டிப் பையன்கள் மூன்று பேர் அங்கே வந்திருந்தார்கள். கொழும்பில் ஓர் ஏஜென்சியிடம் விமானம், அறை, டிக்கட் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கியிருந்தார்கள். 'மைதானத்துக்குப் பக்கம்' என்று சொல்லிக் கொடுத்த அறை மெட்ரோவே எட்டிப் பார்க்காத இடத்தில் இருந்தது. ஒவ்வொரு இரவும் டாக்சிக்குச் சண்டை, டாக்சிக்காரனோடு சண்டை, கடைசியில் ஒருவரோடு ஒருவர் சண்டை. ஒரு ஆட்டத்தின் முதல் பாதியையே விட்டுவிட்டார்கள். என்னைவிட நல்ல இருக்கை வாங்கியவர்கள் அவர்கள்.

ஆகவே இந்த முறை நான் வாங்கில் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டம் முடிந்தால், பாயில் போய்ப் படுக்க எவ்வளவு நேரம், எவ்வளவு காசு? எந்த ஊருக்குப் போனாலும் விமானச் செலவில் எங்கள் கணக்குப்படி பெரிய வித்தியாசம் வரவில்லை. இறங்கிய பிறகுதான் வித்தியாசம்.

கோபார்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெரியப்பா மகனுடைய கூட்டாளி ஒருவர் தம்மாமில் இருக்கிறார். கொழும்பிலிருந்து தம்மாமுக்கு நேரடி விமானம் உண்டு. கடற்கரை, அமைதியான ஊர், 25 கி.மீ. கடற்பாலத்தைத் தாண்டினால் பஹ்ரைன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மைதானம் ஒன்றே ஒன்று. பத்து நாள் நின்றால் எத்தனை ஆட்டம் அங்கே விழும்? மற்ற நாட்களில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கவா? கடல் பார்க்க நாங்கள் நீர்கொழும்புக்கே போகலாம். பஹ்ரைனுக்கோ தனி வீசா வேண்டும், திரும்பிச் சவூதிக்குள் வரவும் அதற்கேற்ற வீசா கையில் இருக்க வேண்டும். பெரியப்பா மகனே கையைத் தூக்கிவிட்டான்.

ஜித்தா

நானாவுக்கு ஜித்தாதான். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஜித்தாவில் இறங்கினால் மக்கா கூப்பிடு தூரம், அதிவேக ரயிலும் ஓடுகிறது. போட்டி முடிந்த சில நாட்களில் 2027 நோன்பு தொடங்குகிறது. நோன்புக்கு முன் மக்காவில் ஓர் உம்றா யாத்திரை, கூடவே இரண்டு ஆட்டம் என்றால் நானாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? அவர் ஏற்கெனவே ஒரு தடவை போய் வந்தவர், ஜித்தாவின் ஷரஃபிய்யாப் பகுதியில் எந்தக் கடையில் பரோட்டா நல்லது என்பது வரை தெரியும்.

ஊரும் லேசுப்பட்டதல்ல. பவளக்கல்லில் கட்டி மரச் சாளரம் வைத்த பழைய வீடுகள் நிற்கும் அல்-பலத், 2014இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம். ஜனவரியில் பகலில் 28, 29 பாகை, இரவில் இருபதை ஒட்டி நிற்கும். ஸ்வெட்டரே தேவையில்லை.

பிரச்சினை மைதானம் இருக்கும் இடம். பெரிய மைதானமான மன்னர் அப்துல்லா விளையாட்டு நகரம் ஜித்தாவின் வடக்கே, ஊரை விட்டு விலகி, விமான நிலையத்துப் பக்கம் இருக்கிறது. அறுபதாயிரம் பேர் கொள்ளும். ஊருக்குள் மெட்ரோ கிடையாது. ஆட்டம் முடிந்து அந்த அறுபதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் போனைத் தட்டி வாடகைக் கார் கேட்டால் என்ன விலை காட்டும் என்று யோசித்துப் பாருங்கள். போட்டிக்காக பஸ் விடுவார்கள்தான். ஆனால் அந்த பஸ் எங்கே கொண்டுபோய் இறக்கும், அங்கிருந்து ஷரஃபிய்யாவுக்கு எப்படிப் போவது? நானாவிடம் கேட்டேன். "அல்லாஹ் வழி காட்டுவான், தம்பி" என்றார். வழி காட்டுவான், டாக்சிக் காசு யார் கொடுப்பது என்று கேட்டதற்கு அவரும் சிரித்துவிட்டார்.

ரியாத்

என் பக்கம் ரியாத். டோஹாவில் லொறி ஓட்டிய அதே மச்சான் இப்போது ரியாத்தில்தான் இருக்கிறார், பத்ஹா பக்கத்தில். வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்ஹாவுக்குப் போனால் கேரளாக்காரரும் வங்காளிகளும் நேபாளிகளும் நம்மவர்களும் தெரு கொள்ளாமல் நிற்பார்கள் என்று சொல்வார். சோறு, பருப்பு, கருவாடு எதற்கும் பஞ்சமில்லை.

எட்டில் ஐந்து மைதானங்கள் அங்கே இருப்பது இன்னொரு காரணம். தைப்பொங்கல் ஜனவரி 15. பொங்கலை விட்டுப் புறப்பட்டால் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆகவே பொங்கல் முடிந்துதான் போவோம். அதற்குள் குழு ஆட்டங்கள் முடியும் கட்டத்துக்கு வந்துவிடும், அப்புறம் தோற்றவன் வீட்டுக்குப் போகும் சுற்று. யார் யாரோடு ஆடுவார்கள் என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். அப்படியான நேரத்தில் ஒரே மைதானம் உள்ள ஊரில் காத்துக்கிடப்பதா, ஐந்து உள்ள ஊரில் எது கிடைக்கிறதோ அதற்கு டிக்கட் எடுப்பதா?

மெட்ரோவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். 2024 டிசம்பர் 1இல் தொடங்கியது. ஆறு பாதை, 85 நிலையம், சாரதி இல்லாத ரயில். 4 ரியால் கொடுத்தால் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கலாம். நம் காசில் முந்நூற்றிருபது ரூபாய் போல வரும். விமான நிலையத்திலிருந்தும் ஒரு பாதை வருகிறது, நடுவில் மாறினால் பத்ஹா வரை வந்துவிடலாம். குறையையும் சொல்ல வேண்டும். எல்லா மைதானத்தின் வாசலிலும் போய் நிற்காது, கடைசித் துண்டுக்கு பஸ்ஸோ காரோ வேண்டும். சாதாரண நாட்களில் நள்ளிரவோடு நின்றும் விடும். போட்டி நாட்களில் நேரத்தை நீட்டுவார்கள் என்று நம்பித்தான் இந்தக் கணக்கு. ரியாத் கால்நடையாகச் சுற்றும் ஊரும் அல்ல. அகலமான ரோட்டைக் கடக்கவே ஓட்டோ பிடிக்க வேண்டும்போல் இருக்கும், ஆனால் ஓட்டோ இல்லை. அந்த மாதங்களில் அங்கே பெரிய கேளிக்கைத் திருவிழா ஒன்றும் நடக்கும், ஹோட்டல் விலை ஏறும். மச்சான் அறை இல்லாவிட்டால் நானும் ரியாத்தைச் சொல்லியிருக்க மாட்டேன்.

குளிரைச் சொல்லிப் பயமுறுத்தினார் நானா. ஜனவரி இரவில் பத்துப் பாகைக்குக் கீழேயும் போகும். சரி, போகட்டும். அதே மாதத்தில் நுவரெலியாவில் புல் மேல் உறைபனி விழும், அதில் நின்று மரக்கறி பிடுங்குகிறவர்கள் நம் ஆட்கள். ஆனால் மச்சான் சொன்ன ஒரு விஷயத்தைக் குறித்துவைத்திருக்கிறேன். அது ஈரமில்லாத குளிர், இரண்டாம் நாளே உதடு வெடிக்கும். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் ஒன்று கட்டாயம்.

எந்த ஊரானாலும் இரண்டு விஷயம் பொது. எங்கள் கடவுச்சீட்டுக்குச் சவூதி வீசா வேண்டும். ஆட்ட டிக்கட் கையில் இருப்பதால் வீசா வந்துவிடாது. வீசா வரும்வரை பணம் திரும்பாத விமான டிக்கட்டை யாரும் வாங்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறோம். இரண்டாவது, திகதி மாற்றக்கூடிய டிக்கட்டாக இருக்க வேண்டும், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. 2025 ஜூனில் கட்டார் ஒரு ராத்திரி வான்வெளியை மூடியபோது எத்தனை பேர் விமான நிலையத் தரையில் படுத்தார்கள்! காசு விஷயத்தில் எங்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. இதற்கென்று பிடித்த முதல் சீட்டுக் காசு டித்வா புயலுக்குப் பிறகு கூரைத் தகட்டுக்கும் பின்சுவருக்கும் போய்விட்டது. இப்போது ஓடுவது இரண்டாவது சீட்டு.

அக்கா

இந்தக் கதை இவ்வளவும் நடக்கும்போது கடைக்குள் அக்கா கணக்குப் புத்தகத்தோடு இருப்பார். கடையின் வரவு செலவு அவர் கையில்தான். ஒருநாள் நாங்கள் ரியாத் மெட்ரோவில் எந்தப் பாதை என்ன நிறம் என்று வாதாடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்தே கேட்டார்: "மலாஸ் பக்கம் போகுதா அது?"

அவர் 2004 முதல் 2010 வரை ரியாத்தில் வீட்டு வேலை செய்தவர். அது எங்களுக்குத் தெரியாத விஷயமா? ஆனால் நாலு ஆம்பிளைகளும் மூன்று மாதமாக அந்த ஊரைப் பற்றிப் பேசியும், அங்கே ஆறு வருஷம் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பிதான் மெதுவாக, "அக்கா, எந்த ஊருக்குப் போகலாம், நீங்க சொல்லுங்க" என்றான்.

"எனக்கு என்னடா தெரியும் ரியாத்? ஒரு குசினி தெரியும். துணி காயப்போடுற மொட்டைமாடி தெரியும். வெள்ளிக்கிழமை அவங்க வெளிய போனா, காரோட பின் கண்ணாடி வழியா கொஞ்சம் ரோடு தெரியும்."

அப்புறம் அவராகவே 2006 உலகக் கோப்பையைப் பற்றிச் சொன்னார். சவூதி–தூனிசியா ஆட்டம். அது 2–2 என்று முடிந்த ஆட்டம், சாமி அல்-ஜாபர் 84ஆம் நிமிடத்தில் சவூதியை முன்னால் கொண்டுபோய், கடைசியில் தூனிசியா சமப்படுத்தியது. அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. கூடத்தில் வீட்டு ஆண்கள் போட்ட ஒரு கத்தில் கையில் இருந்த சோற்றுத் தட்டம் நழுவி, குசினித் தரையெல்லாம் சோறு. கூட்டி அள்ளிக்கொண்டிருக்கும்போது கூடம் அப்படியே அமைதியாகிவிட்டது. "யாரு கோல் போட்டா, ஏன் சத்தம் நின்னுச்சுன்னு எனக்கு யாரும் சொல்லல" என்றார். இருபது வருஷம் கழித்து, வாங்கில் இருந்த நான் போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன்.

சவூதியில் பெண்களை மைதானத்துக்குள் விட ஆரம்பித்தது 2018 ஜனவரியில், முதலில் ஜித்தாவில். நானா அதைத் தன் பக்கத்து வாதமாக எடுத்துவைத்தார்: "அப்ப தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ஜித்தாவுக்கே போவோமே." அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. போவதாக இருந்தால் ரியாத்தாம். அந்த வீடு இருந்த தெருவுக்குப் போக விருப்பமில்லை, ஆனால் அந்த ஊர் ரயிலில் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, இறங்காமல், ஒரு தடவை போய் வர வேண்டுமாம். ஆட்டம் இரண்டாம் பட்சம்.

ஒரு பெண் சேர்ந்ததும் எங்கள் கணக்கு மாறியது. மச்சான் அறை நாலு ஆண்களுக்குத்தான் சரி. அக்காவுக்கும் எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்துக் குடும்ப அறை ஒன்று பார்க்கச் சொல்லியிருக்கிறோம், இரவுக்கு எவ்வளவு என்று மச்சான் விசாரித்துக்கொண்டிருக்கிறார். ரயிலில் குடும்பங்களுக்கு ஒரு பகுதி, தனி ஆண்களுக்கு ஒரு பகுதி என்று பிரித்திருக்கிறார்கள். அதனால் தம்பியும் பெரியப்பா மகனும் வேறு பெட்டியில். டிக்கட் இந்த முறை எல்லாருக்கும் ஒரே வகையில்தான் எடுப்போம், டோஹா மாதிரி மூலைக்கு ஒருவராகப் பிரிய மாட்டோம். இரண்டு ஆட்டம் போதும் என்று அக்கா சொல்கிறார், தம்பிக்கு நாலு வேண்டும். அது இன்னும் தீரவில்லை. நானா எங்களோடு ரியாத்தில் ஐந்து நாள் நின்றுவிட்டு, அங்கிருந்து தனியாக விமானத்தில் ஜித்தா போவார்.

நேற்று அக்கா அலுமாரியிலிருந்து பழைய கடவுச்சீட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மத்திய கிழக்கு நாடுகளுக்கு மட்டும் என்று குறித்துக் கொடுத்த புத்தகம், காலாவதியாகிப் பல வருஷம். படத்தில் அவருக்கு இருபத்தாறு வயது. புதியதற்கு விண்ணப்பிக்க வியாழக்கிழமை கண்டிக்குப் போகிறோம். ஐந்தரை பஸ்ஸுக்கே போக வேண்டும் என்கிறார், ஆறரை பஸ்ஸில் இடம் கிடைக்காதாம்.